சட்டைக்குள் ஒரு ரிவால்வர்

என் வீட்டுக்காரர் ரிவால்வர் வாங்கப் போன அன்று நானும் கூடப் போனேன். பிரிகேட் ரோடுக்குப் பக்கத்தில் ஒரு சந்து. கீழே மூக்குக் கண்ணாடிக் கடை, மாடியில் துப்பாக்கிக் கடை. படியேறும்போது அவர் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். வெளியே போனால் கையை அப்படி வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மர்பி டவுனில் இருந்தோம். அவர் ஷாமியானா கடை வைத்திருந்தார். பந்தல் துணி, இரும்பு சேர், அண்டா, குண்டான் எல்லாம் வாடகைக்கு விடுவது. நான் அல்சூர் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஏரியாவில் கல்யாணம், காதுகுத்து, புத்த ஜெயந்தி, சாவு எதுவானாலும் எங்கள் சேர்தான் போய் நிற்கும். தொண்ணூற்று ஆறில் ஒரு நாள் காலை, அவர் கடையைத் திறந்து சேர்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு ஆளை மூன்று பேர் வந்து வெட்டிப் போட்டார்கள். இரண்டு ரவுடி கும்பல்களுக்குள் இருந்த பகை. தெருவே பார்த்தது. போலீஸ் வந்து கேட்டபோது தெருவில் யாருக்குமே கண் தெரியவில்லை. இவர் ஒருத்தர்தான் பார்த்தேன் என்றார்.

"ஏங்க சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பாத்தேனே. பாத்துட்டு எப்படி பாக்கலன்னு சொல்றது?" என்றார். அவ்வளவுதான். அவர் வீரரெல்லாம் இல்லை. பல்லிக்குப் பயப்படுவார். வாயில் பொய் வராது, அது ஒன்றுதான்.

கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டிய வாரம், கடையைப் பூட்டிவிட்டு வரும் வழியில், சந்து முனையில் அவரை மடக்கினார்கள். இவரை வெட்டியவன் எங்களுக்குத் தெரியாதவன் இல்லை. பின் தெருவில் இருந்தவன். இருபத்தி மூன்று, இருபத்தி நான்கு வயதிருக்கும். அவன் அம்மா ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்த்தார். புத்த ஜெயந்திக்கு எங்கள் கடையிலிருந்து சேர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவன். இவரை அண்ணா என்பான், என்னை அக்கா என்பான். அந்தக் கொலைக் கும்பலில் எப்போது போய்ச் சேர்ந்தான் என்று தெரியவில்லை. கையில் லாங் வைத்திருந்தான். இங்கே நீளமான வெட்டுக்கத்தியை அப்படித்தான் சொல்வார்கள். இவர் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள இரண்டு கையையும் தூக்கினார். முகம் தப்பியது. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. இடது கையில் மணிக்கட்டுக்கு மேலே நரம்பு அறுந்து தைத்தார்கள். அந்தக் கை விரல்கள் அப்புறம் மடங்கின, ஆனால் அழுத்தம் வரவில்லை. டம்ளரைப் பிடிக்க முடியும். ஈரச் சட்டையைப் பிழிய முடியாது.

இரண்டு கையிலும் கட்டுடன் போய் அவர் சாட்சி சொன்னார். கையெழுத்துப் போட முடியாமல், கட்டுக்கு வெளியே தெரிந்த கட்டை விரலில் மை தடவி அழுத்தினார்கள். கொலை செய்தவர்களுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கையை வெட்டியவனுக்குச் சில வருஷங்கள்.

வழக்கைப் பார்த்த இன்ஸ்பெக்டர்தான் சொன்னார், ஒரு லைசென்ஸுக்குப் போட்டு வையுங்கள், உங்களுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பார்கள் என்று. போட்டோம். வெரிஃபிகேஷனுக்கு வந்தார்கள், போனார்கள், மறந்தார்கள், மறுபடி வந்தார்கள். கடைசியாகக் கூப்பிட்டு விசாரித்த பெரிய அதிகாரி, இவருடைய வலது கையைப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் கேட்டார், இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று. "எடகை இதெ சார்" என்றார் இவர். இடது கை இருக்கிறது. பார்ப்பதற்கு அந்தக் கை முழுசாகத்தான் இருந்தது. அதிகாரியும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

துப்பாக்கிக் கடைக்காரர் குடகுக்காரர். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர் என்று பேச்சில் தெரிந்தது. மேஜை மேல் பச்சை வெல்வெட் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தாலிக்கொடி எடுக்கப் போனபோது நகைக் கடையில் இப்படித்தான் வைத்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு என்னையே பிடிக்கவில்லை.

"எங்கே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்? வீட்டிலா, உடம்பிலா?" என்று கேட்டார்.

"உடம்புலதான்" என்றார் இவர்.

"அப்படியானால் பெரியதைப் பார்க்காதீர்கள். முதல் மாசம் ஆசையாகக் கட்டிக்கொள்வீர்கள். அப்புறம் இடுப்பு வலிக்கிறது என்று பீரோவில் வைப்பீர்கள். பீரோவில் இருப்பது உங்களுக்கு உதவாது. தினமும் சட்டைக்கு அடியில் வைத்துக்கொள்ள முடிகிறது எதுவோ அதுதான் நல்லது."

முதலில் ஒரு சின்ன பிஸ்டலைக் காட்டினார். வெளிநாட்டுச் சரக்கு, பழசு, யாரோ ஒரு காபி எஸ்டேட்காரர் வீட்டிலிருந்து வந்ததாம். உள்ளங்கைக்குள் அடங்கியது. வேஷ்டி மடிப்பில் வைத்தால்கூடத் தெரியாது. ஆனால் குண்டு உள்ளே ஏற மேல் பாகத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். இவர் இழுத்துப் பார்த்தார். விரல்கள் வழுக்கிக்கொண்டு போயின. மறுபடியும் இழுத்தார். நெற்றியில் வேர்த்தது. கடைக்காரர் அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, ஒரு ரிவால்வரை எடுத்தார். அரசாங்கத் தொழிற்சாலையில் செய்தது, புதுசு, குட்டைக் குழல்.

"இதில் இழுக்கிற வேலை இல்லை. எடுத்தால் அழுத்த வேண்டியதுதான். குண்டு இல்லை, பயப்படாமல் அழுத்துங்கள்."

இவர் இடது கையால் பிடித்து, சுவரைப் பார்த்து நீட்டி, விசையை அழுத்தினார். விரல் வெளுத்தது. விசை பாதி வழி போய் நின்றது. குழல் தரையைப் பார்க்கத் திரும்பியது. பின்பக்கச் சுத்தியலைக் கட்டை விரலால் இழுத்து வைத்துவிட்டால் விசை லேசாகும் என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். வலது கையில் மிச்சம் இருந்த கட்டை விரலால் அதை இழுத்து வைக்கவே வெகு நேரம் பிடித்தது. அப்புறமும் விசை நகரவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்து, பல்லைக் கடித்து, என்னென்னவோ செய்து பார்த்தார்.

கடைக்காரர் மெதுவாக ரிவால்வரை அவர் கையிலிருந்து எடுத்து என் பக்கம் தள்ளினார். "மேடம், நீங்கள் பாருங்கள்."

ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. டீச்சர் கை, சாக்பீஸ் தவிர ஒன்றும் பிடித்ததில்லை. நீட்டி அழுத்தினேன். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவு சுலபமாக இருந்தது. அந்தச் சத்தம் என்னை விட்டுப் போகவேயில்லை. வகுப்பில் எந்தப் பிள்ளையாவது பால் பேனாவின் மண்டையை அழுத்தினால் என் முதுகு சில்லிட்டுப் போகும். திரும்பிப் பார்த்துத் திட்டிவிடுவேன். பாவம், அதுகளுக்கு ஏன் திட்டு விழுகிறது என்றே புரியாது.

"லைசென்ஸை மேடம் பேருக்கு மாற்றிக்கொள்ளுங்கள் சார். சுட முடியாத ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள்" என்றார் கடைக்காரர்.

இவர் அந்த ரிவால்வரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டும் சார். இதையே குடுங்க" என்றார்.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன். "அழுத்தவே முடியலையே, எதுக்குங்க?"

"அழுத்த முடியலன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீடு வேறு வீடாகிவிட்டது. அதுவரை சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டுகிறவர், வெளியே விட்டுக்கொள்ள ஆரம்பித்தார். பழைய சட்டைகள் இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றதால் ஒரு அளவு பெரிசாக வாங்கினோம். பேன்ட்டின் உள் பக்கம் தடித்த துணியில் நானே ஒரு பை தைத்தேன். இடது முழங்கை எப்போதும் விலாவோடு ஒட்டியே இருக்கும், வேர்வைக் கட்டி வந்தவர் மாதிரி. ஹோட்டலுக்குப் போனால் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். கல்யாண வீட்டில் யாராவது ஆசையாகக் கட்டிப்பிடிக்க வந்தால் கும்பிடு போட்டு விலகிக்கொள்வார். எங்கள் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. அப்பா மடியில் ஏறிச் சாப்பிடுகிறவள். "மடியில வேணாம் பாப்பா, பக்கத்துல உக்காரு" என்று சொல்லிவிட்டார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மறைத்து வைக்கத்தான் சின்னதாக வாங்கினோம். ஏரியா முழுக்க ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. தெரிந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மனஹள்ளி பக்கம் ஒரு தோப்பில் போய்ச் சுட்டுப் பழகுகிறார், தேங்காயைக் குறி பார்த்து அடிக்கிறார் என்றெல்லாம் பேச்சு. இவர் எதையும் மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. பொய் வராத வாய்க்கு அந்த மௌனம் எவ்வளவு பாரமாக இருந்ததென்று எனக்குத்தான் தெரியும்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். அந்த நாட்களில் இடுப்பு காலியாகத்தான் இருக்கும். ஆனால் முழங்கை விலாவை விட்டு விலகாது. சட்டையும் உள்ளே போகாது. நான் மட்டும் அந்த வாரங்களில் கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன், பாட்டுக்கூட முணுமுணுப்பேன்.

வெட்டியவன் ஜெயிலிலிருந்து வந்து, அம்மாவோடு பின் தெருவிலேயே இருந்தான். தெருவில் இவரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்த் தலையைக் குனிந்துகொள்வான். இவர் நேராகப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். அவனைப் பார்த்த நாட்களில் அவர் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. இப்படியே சில வருஷங்கள் போயின.

இரண்டாயிரத்து மூன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் ரவைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் கிடந்தது. வாசலில் ஒரு பையோடு அவன் நின்றான். நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"அக்கா, அண்ணா இருக்காரா?"

உள்ளிருந்து இவர் வந்தார். முழங்கை இடுப்பில். அவன் அந்த இடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினான்.

"அண்ணா, மன்னிப்பு கேக்க வரல. அத கேக்கற யோக்கியத எனக்கு இல்ல. அன்னைக்கு செத்தவனோட ஆளுங்க என்னைத் தேடறானுங்க. பழைய கணக்கு. நேத்துலேர்ந்து பேக்கரிகிட்ட பைக்ல நிக்கறானுங்க. ஆம்பூர்ல மாமா இருக்காரு, அங்க போயிடறேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் நீங்க என்கூட வந்தா போதும்."

"நானா?" என்றார் இவர்.

"உங்க இடுப்புல இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்ணா. நீங்க கூட வந்தா கிட்ட வர மாட்டானுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வெக்கமா இல்ல உனக்கு? இந்தக் கையப் பாத்துகினே கேக்கற?" என்றேன். அவன், தண்ணி கிடைக்குமா அக்கா என்று கேட்டான். நான் அசையவில்லை. இவர்தான் இரண்டு கைகளாலும் சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இவர் உள்ளே போய் நல்ல சட்டையை மாட்டினார். நான் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "போகாதீங்க. உங்களால ஒண்ணும் பண்ண முடியாது. வெட்ட வந்தா உங்களையும் சேத்துதான் வெட்டுவானுங்க."

"இவன் தனியா போனா நம்ம வாசலத் தாண்டறதுக்குள்ள முடிச்சிடுவானுங்க. பாப்பா பாக்கும்" என்றார். பிறகு, "ஒரு தடவ நான் பாத்தது போதும்" என்றார்.

பெண்ணைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் கிளம்பினேன். கையில் காய்கறிப் பை ஒன்றை எடுத்துக்கொண்டேன். மூன்று பேரும் பகல் வெளிச்சத்தில், கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி நடந்தோம். ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வெட்டினவனும் வெட்டுப்பட்டவரும் சேர்ந்து போவதை யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்?

கொஞ்ச தூரம் போனதும் அவன் கேட்டான். "மழ வந்தா கை வலிக்குமாண்ணா?"

"மழைக்கு இல்ல. வெயிலுக்குத்தான்" என்றார் இவர்.

"எங்கம்மாவுக்கு முட்டி. அவங்களுக்கு மழைக்கு வரும்."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள்.

பேக்கரி வாசலில் இரண்டு பேர் பைக்கில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்தார்கள். பிறகு இவரைப் பார்த்தார்கள். இவர் நடையை மாற்றவில்லை. இடது கையைச் சட்டை நுனிக்கு அடியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். அந்தக் கையில் என்ன பலம் இருக்கிறதென்று எனக்குத் தெரியும். ஒருவன் டம்ளரைக் கீழே வைத்தான். இன்னொருவன் அவன் தோளைத் தொட்டான். நாங்கள் அவர்களைத் தாண்டிவிட்டோம். முதுகு முழுக்கக் கண்ணாக நடந்தேன்.

ரயில் ஸ்டேஷன் பக்கத்து மெஜஸ்டிக் போகிற பஸ் வந்தது. அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். கும்பிடுவான், ஏதாவது சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் இவருடைய கைகளைத்தான் மறுபடியும் பார்த்தான். பஸ் திரும்பியது. பைக்கில் இருந்தவர்கள் வேறு பக்கம் வண்டியை விட்டுக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்து உப்புமா கிண்டினேன். இவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பெண்ணோடு சிரித்துப் பேசினார்.

மத்தியானம் எங்கள் கடை வேன் ஓட்டுகிறவர் வந்து சொன்னார். ஒக்கலிபுரத்தில், ரயில்வே பாலத்துக்குக் கீழே, அவனை முடித்துவிட்டார்கள். மெஜஸ்டிக் போகாமல் முன்னாலேயே இறங்கியிருக்கிறான். பின்பக்கமாக ரயில் ஸ்டேஷனுக்குள் போய்விடலாம் என்று நினைத்தானோ என்னவோ. அவர்கள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போயிருக்கிறார்கள். நாங்கள் பார்த்த அந்த இரண்டு பேரா, வேறு ஆட்களா, அதுகூடக் கடைசி வரை தெரியவில்லை.

இவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கலாம்" என்றார்.

"போயிருந்தா?"

அன்றைக்கு ஆரம்பித்தது அந்தப் பழக்கம். சாப்பிட உட்கார்ந்தால் தட்டு விளிம்பில், பேப்பர் படித்தால் முழங்கால் மேல், இடது ஆள்காட்டி விரல் மடங்கி மடங்கி நிமிரும். எதையோ அழுத்திப் பார்ப்பது போல. பேசிக்கொண்டிருக்கும்போதே விரல் தனியாக அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும். நான் அந்தக் கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொள்வேன். என் மடியிலும் அது அழுத்தும்.

காரியம் எல்லாம் முடிந்து அவன் அம்மா வந்தார். முட்டி வலியோடு மெதுவாகப் படியேறி வந்து, சேரில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். "என் புள்ள கூட நீங்க நடந்து போனீங்களாமே. வழியில இன்னா பேசனான்?"

இவர் சொன்னார். மழையையும் வெயிலையும் சொன்னார். உங்க முட்டியப் பத்திச் சொன்னான் என்றார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு இவர், யாருக்கும் சொல்லாததை அந்த அம்மாவிடம் சொன்னார். "அம்மா, இந்தக் கையால சுட முடியாது. வாங்கின நாள்லேர்ந்தே முடியாது. என்னை நம்பி வந்தான். நான் அவனுக்குச் சொல்லாம கூட்டிட்டுப் போனேன்."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அது அவனுக்குத் தெரியும்பா" என்றார். "அன்னைக்குக் காலையில எங்கிட்ட சொன்னானே. அண்ணன் கையில ஜீவன் இல்லம்மா, எவ்ளோ ஆழமா எறங்குச்சின்னு எனக்குத்தான் தெரியும், அந்தப் பசங்களுக்குத் தெரியாதுன்னான். பஸ் ஏர்ற வரைக்கும் அது போதும்னான்."

இவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் நின்றார். நான் அந்த அம்மாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் இவர் ரிவால்வரைக் குடகுக்காரரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். இந்த முறையும் நான் கூடப் போனேன். அவர் அதைப் பச்சைத் துணியில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். உடம்பு பட்ட பக்கம் முழுக்க வேர்வையில் துருப் பிடித்திருந்தது. எத்தனை முறை சுட்டீர்கள் என்று கேட்கவில்லை. லைசென்ஸ் ரத்து செய்ய யாரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

துப்பாக்கியைக் கொடுத்துவிட்டோம் என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார், யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் எதிரே வருகிற பையன்கள் அவருக்கு வழிவிட்டு, இடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். அவனை ஏற்றிவிட்ட அந்த பஸ் ஸ்டாப்பில் நாங்கள் இரண்டு பேரும் ஏறுவதில்லை. அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்து போய் ஏறுகிறோம். அப்படி முடிவு செய்துகொண்டு பேசியதில்லை. கால் நிற்காமல் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. அவர் கொஞ்சம் முன்னால் போவார், நான் பின்னால் போவேன்.